படம் மாறியது தெரிந்தால் போதுமா, மாறிய இடம் திரும்பவும் கிடைக்க வேண்டுமா?

தெரிந்த அண்ணன் ஒருவர் சின்னதாக ஸ்கேன் சென்டர் நடத்துகிறார். அங்கிருந்து போன எக்ஸ்ரே படம் ஒன்று ஒரு கிளெய்ம் விவகாரத்தில் வேறு மாதிரி திரும்பி வந்துவிட்டது. எலும்பில் இல்லாத ஒரு விரிசல் படத்தில் இருந்தது. மனுஷன் நொந்துபோய் எனக்கு போன் செய்தார். "படத்துக்குள்ளயே கண்ணுக்குத் தெரியாம எதையோ ஒளிச்சு வெச்சா, எவன் கை வெச்சாலும் தெரிஞ்சிடுமாம், பழைய படமும் திரும்பக் கிடைக்குமாம். அதை நம்ம சென்டருக்குப் போட்டுக் குடு தம்பி" என்றார்.

அவர் கேட்டது கற்பனை இல்லை. ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் காந்தி முகம் தெரிகிறதே, அந்த நீர்க்குறியின் டிஜிட்டல் வடிவம்தான் அது. வாட்டர்மார்க் என்றே எல்லோரும் சொல்கிறோம். திருத்தத்தைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், திருத்திய பகுதியை மீட்டும் தரும் வகைகள் 1990-களின் கடைசியிலிருந்தே இருக்கின்றன. ஆனால் அண்ணனுக்கு அதுதான் வேண்டுமா என்று முடிவு செய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. விபத்தான வண்டியைப் படமெடுக்கும் சர்வேயருக்கும், பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து கொடுப்பவருக்கும் இதே கேள்வி வரும் என்பதால் யோசித்ததை எழுதி வைக்கிறேன்.

எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். படம் எந்த வழியாகப் பயணம் போகிறது? சந்தேகம் எழும் இடத்தில் மூலப்படம் கைக்கெட்டுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முறைகள் தானாகவே விலகிவிடும்.

செலவே இல்லாத வழியை முதலில் பார்ப்போம். ஃபைலுக்கு ஒரு ஹேஷ், அதாவது அதன் கைரேகை போன்ற ஓர் எண், எடுத்து எழுதி வைத்துவிட்டு, மூலத்தின் நகலைப் பத்திரமாக வைப்பது. ஷா-256 முறையில் எவ்வளவு பெரிய ஃபைலுக்கும் 256 பிட் நீளத்தில் ஓர் எண் கிடைக்கும். ஒரே ஒரு பிக்சல் மாறினாலும் அந்த எண் முழுவதும் மாறிவிடும். இந்தியாவில் இதற்குச் சட்ட மதிப்பும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவில், மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது இணைக்க வேண்டிய சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும், அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதையும் குறிப்பிட இடம் வைத்திருக்கிறார்கள்.

குறை என்னவென்றால், ஹேஷுக்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான் தெரியும். எங்கே மாறியது என்று சொல்லாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் படம் சுருக்கப்படுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடாமலேயே ஹேஷ் பொருந்தாமல் போகும். டாக்குமெண்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போய்ச் சேரும். ஆனால் எத்தனை பேர் அப்படி அனுப்புகிறார்கள்?

அடுத்தது டிஜிட்டல் கையொப்பம். ஹேஷை ரகசியச் சாவியால் (அனுப்புகிறவர் மட்டும் வைத்திருக்கும் ரகசிய எண்) கையொப்பமிட்டுப் படத்தோடே அனுப்பிவிடுவது. அதற்கு ஜோடியாக எல்லோருக்கும் கொடுக்கும் பொதுச் சாவியால் யாரும் அதைச் சரிபார்க்கலாம். 2021-இல் அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி, இன்டெல் போன்றோர் சேர்ந்து தொடங்கிய சி2பிஏ என்ற தரம் இந்த வழியில்தான் போகிறது. 2023-இல் வந்த லைக்கா எம்11-பி கேமரா, படம் எடுக்கும்போதே இந்தச் சான்றைச் சேர்த்துவிடுகிறது. செய்தி நிறுவனங்களுக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். யார் எடுத்தார்கள், எதில் எடுத்தார்கள், பிறகு என்ன திருத்தினார்கள் என்ற வரலாறு கூடவே வருகிறது. ஆனால் அந்தச் சான்று படத்தின் பிக்சலுக்குள் இல்லை, ஃபைலின் தகவல் பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே உதிர்ந்துவிடும்.

சாவி விஷயத்தில் பழைய பாடம் ஒன்று உண்டு. கேனான் கேமராக்களில் படத்தின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்க ஒரு வசதி இருந்தது. 2010-இல் எல்காம்சாஃப்ட் என்ற ரஷ்ய நிறுவனம் கேமராவுக்குள் இருந்த சாவியை வெளியே எடுத்து, நிலவில் சோவியத் கொடியை நட்டது போன்ற படத்துக்குக்கூட "அசல்" என்ற முத்திரை வாங்கிக் காட்டியது. அடுத்த ஆண்டு நிக்கானின் முறைக்கும் அதே கதி. கணிதம் உடையவில்லை, சாவி வைத்திருந்த இடம்தான் உடைந்தது. வாட்டர்மார்க் போடுவதாக இருந்தாலும் இந்தப் பயம் அப்படியே தொடரும்.

சரி, வாட்டர்மார்க்குக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரை ஓர் எண். அதை 8 பிட்டில், அதாவது 0, 1 என்ற எட்டு இலக்கங்களில், எழுதினால், கடைசி பிட்டை மாற்றும்போது அந்த எண் ஒன்றே ஒன்றுதான் கூடும் அல்லது குறையும். 142 என்பது 143 ஆனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எனவே கடைசி பிட்டுகள் எல்லாம் நமக்குக் கிடைத்த ஒளிவிடம். எல்லாப் பிக்சலிலும் கடைசி பிட்டை இப்படி எடுத்துக்கொண்டாலும் படத்தின் தரம் சராசரியாக 51 டெசிபெல் அளவில் நிற்கும் (மூலத்தோடு ஒப்பிடும் அளவு இது, எண் கூடினால் வித்தியாசம் குறைவு). கடைசி இரண்டு பிட் என்றால் 44, மூன்று என்றால் 38. நாற்பதுக்கு மேல் இருந்தால் பொதுவாக வித்தியாசம் தெரியாது. முப்பத்தெட்டில் சமமான வானம், வெறும் சுவர் போன்ற இடங்களில் லேசாக மணல் தூவினது போலத் தெரிய ஆரம்பிக்கும்.

இந்த ஒளிவிடத்தில் ஹேஷை வைத்தால் கிடைப்பது எளிதில் உடையும் வாட்டர்மார்க். 1998-இல் பிங் வா வாங் என்பவர் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் ஹேஷையும் கையொப்பமிட்டு அதே கட்டத்தின் கடைசி பிட்டுகளில் வைத்தார். யாராவது தொட்டால் அந்தக் கட்டம் மட்டும் தனியாகக் காட்டிக்கொடுக்கும். ஹேஷால் சொல்ல முடியாத "எங்கே" என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. சரிபார்ப்பவருக்கு ரகசியச் சாவி தேவையில்லை, பொதுச் சாவியே போதும் என்பது இதில் எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம்.

இரண்டே ஆண்டில் ஹாலிமன், மேமன் என்ற இரு ஆய்வாளர்கள் இதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கட்டமும் தனக்குத் தானே சாட்சி என்றால், ஒரே சாவியில் முத்திரையிட்ட பல படங்களிலிருந்து கட்டங்களைப் பொறுக்கி ஒட்டிப் புதுப் படம் செய்துவிடலாம். ஒவ்வொரு கட்டமும் சரி என்றே சொல்லும், முழுப் படமோ பொய். ஹேஷ் எடுக்கும்போதே படத்தின் அடையாள எண்ணையும் கட்டம் இருக்கும் இடத்தையும் சேர்த்துக்கொண்டால் இது தீரும். ஆகவே இப்படியொரு மென்பொருளை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இது: "ஒரு படத்தின் கட்டத்தை வெட்டி இன்னொரு படத்தில் ஒட்டினால் கண்டுபிடிக்குமா?"

அண்ணன் கேட்ட மீட்கும் முறைக்கு இப்போது வரலாம்.

1999-இல் ஜெசிகா ஃப்ரிட்ரிச்சும் மிரோஸ்லாவ் கோல்யானும் முன்வைத்த யோசனை அழகானது. (ரூபிக்ஸ் கியூப் சுற்றுகிறவர்களுக்கு இந்த ஃப்ரிட்ரிச்சைத் தெரிந்திருக்கும். வேகமாக முடிக்கும் முறைக்குப் பெயர் கொடுத்தவர் இவரேதான்.) படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஜேபெக் செய்வதைப் போலவே சுருக்கி, அந்தச் சுருக்கத்தை அதே கட்டத்தில் வைக்காமல் தூரத்தில் இருக்கும் இன்னொரு கட்டத்தின் கடைசி பிட்டுகளில் வைக்கிறார்கள். ஊரில் முக்கியமான பத்திரத்தின் நகலைச் சொந்த வீட்டில் வைக்காமல் வேறு தெருவில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்து வைப்போமே, அதே புத்தி. இங்கே வீடு இடிந்தாலும் அங்கே நகல் இருக்கும். ஒருவர் முகத்தைப் படத்திலிருந்து அழித்தால், அந்த முகத்தின் சுருக்கம் படத்தின் மறு மூலையில் எங்கோ மரத்தின் இலைகளுக்குள் இருக்கும். அதை எடுத்து விரித்தால் முகம் திரும்பி வரும். முதல் தடவை நானே எழுதிப் பார்த்தபோது, அழித்த இடத்தில் மங்கலாக அந்த முகம் எழுந்து வந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. நகல் வைத்த வீடும் சேர்ந்து இடிந்தால் என்ன செய்வது? படத்தில் 20 சதவீதத்தை மாற்றினால், மாறிய கட்டங்களில் ஐந்தில் ஒன்றுக்கு நகலும் மாறிய பகுதியிலேயே மாட்டியிருக்கும். அதாவது முழுப் படத்தில் 4 சதவீதம் மீளாது. பாதிப் படத்தை மாற்றினால் 25 சதவீதம் போய்விடும். இரண்டு இடங்களில் நகல் வைக்கும் முறையை 2008-இல் லீ, லின் இருவரும் கொண்டுவந்தார்கள். அப்படி வைத்தால் 20 சதவீத மாற்றத்தில் இழப்பு 1 சதவீதத்துக்கும் கீழே வரும், 50-இல் 12.5. ஆனால் இரண்டு நகலுக்கு இடம் அதிகம் வேண்டும். மூன்று பிட்டை எடுத்துக்கொண்டால் முன்பு சொன்ன 38 டெசிபெல்லுக்கு இறங்கிவிடுவோம். நகலின் அளவு, நகலின் எண்ணிக்கை, படத்தின் தரம் மூன்றும் ஒரே போர்வையை இழுக்கும் மூன்று பேர்.

இரண்டாவது சிக்கல்தான் என்னை ஒரு வாரம் உட்கார வைத்தது. ஒரு கட்டத்தில் 64 பிக்சல், ஒவ்வொன்றும் 8 பிட், மொத்தம் 512 பிட். கடைசி பிட்டை மட்டும் பயன்படுத்தினால் நகலுக்குக் கிடைப்பது 64 பிட். எட்டில் ஒரு பங்கு. அதற்குள் அடங்க வேண்டுமென்றால் நுணுக்கமான கோடுகளைத்தான் முதலில் தூக்கி எறிய வேண்டும். பெரிய வடிவமும் வெளிச்சமும் தங்கும், முடி போன்ற மெல்லிய கோடு போய்விடும்.

எக்ஸ்ரேயில் விரிசல் என்பது அப்படிப்பட்ட மெல்லிய கோடுதான். யாரோ விரிசல் வரைந்துவிட்டார்கள், நாங்கள் மீட்டுப் பார்த்தோம், மீட்ட படத்தில் விரிசல் இல்லை என்று அண்ணன் போய்ச் சொன்னால், எதிர்த் தரப்பு ஒரே கேள்வியில் மடக்கிவிடும்: "நிஜமாகவே விரிசல் இருந்திருந்தாலும் உங்கள் மீட்பில் அது தெரிந்திருக்குமா?" மீட்ட படம், ஏதோ ஒன்று இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லும். நுணுக்கமான ஒன்று இல்லை என்பதற்கு அதனால் சாட்சி சொல்ல முடியாது. அண்ணனுக்கு வேண்டியதோ அந்த இரண்டாவது சாட்சி.

மருத்துவப் படங்களுக்கென்றே சில தனி வழிகளும் இருக்கின்றன. முக்கியமான பகுதியை மட்டும் முன்கூட்டியே குறித்து, அதன் நகலை இழப்பில்லாமல் சுற்றியுள்ள கறுப்புப் பின்னணியில் வைப்பது ஒன்று. யாராவது ஓரத்தை வெட்டிவிட்டால் நகலும் போய்விடும் என்பது அதன் பலவீனம். இன்னொன்று, சரிபார்த்த பிறகு வாட்டர்மார்க்கை உருவி எடுத்து மூலப் படத்தைப் பிட் மாறாமல் பெறும் முறை. 2003-இல் ஜூன் தியான் சொன்ன வழி எளிமையானது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 120, 117 என்று வைத்துக்கொள்வோம். பின்னத்தை விட்டால் சராசரி 118, வித்தியாசம் 3. வித்தியாசத்தை இரண்டு மடங்காக்கினால் 6, அதோடு ஒளிக்க வேண்டிய பிட்டைக் கூட்ட வேண்டும். பிட் 0 என்றால் 6-ஆகவே நிற்கும். பிக்சல்கள் 121, 115 ஆகின்றன. திரும்ப எடுக்கும்போது சராசரி அதே 118, வித்தியாசம் 6. அது இரட்டைப்படை என்பதால் ஒளிந்திருந்த பிட் 0, பாதியாக்கினால் 3, பழைய 120-ம் 117-ம் அப்படியே வந்துவிடும். வாட்டர்மார்க்கும் வேண்டும், மருத்துவர் கையில் ஒரு பிட்கூட மாறாத படமும் போக வேண்டும் என்கிற இடத்தில் இது பொருந்தும். யாரும் தொடாத படத்தில்தான் இந்தத் திரும்பல் நடக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. திருத்திய இடத்தை இது மீட்டுத் தராது.

மருத்துவப் படத்தில் இவ்வளவு கவலை தேவையா என்று கேட்பவர்களுக்கு: 2019-இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுரையீரல் சி.டி. ஸ்கேனில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இல்லாத புற்றுக் கட்டியைச் சேர்த்தும், இருந்ததை அழித்தும் காட்டினார்கள். அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர்களே பெரும்பாலும் ஏமாந்தார்கள்.

இதுவரை சொன்ன வாட்டர்மார்க் எதுவும் ஜேபெக் சுருக்கத்தைத் தாங்காது. கடைசி பிட்டைத்தான் ஜேபெக் முதலில் கலைக்கும். சுருக்கத்தை மன்னித்து, திருத்தத்தை மட்டும் பிடிக்கும் நடுத்தர வகை ஒன்று உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிங்-யுங் லின்னும் ஷி-ஃபு சாங்கும் செய்த வேலை இதில் முன்னோடி. அவர்கள் பிடித்துக்கொண்ட உண்மை மிகச் சின்னது. ஜேபெக், இரண்டு கட்டங்களில் ஒரே இடத்தில் இருக்கும் அலைவெண் எண்களை (கட்டத்தில் வெளிச்சம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும் எண்கள்) ஒரே எண்ணால் வகுத்து முழுமையாக்குகிறது. 47-ஐயும் 33-ஐயும் பத்தால் வகுத்தால் 5, 3. பெரியது பெரியதாகவே நிற்கிறது. 34-ஐயும் 33-ஐயும் வகுத்தால் 3, 3. சமமாகலாம், தலைகீழாக மாறவே மாறாது. "எந்தக் கட்டம் பெரியது" என்ற உறவுகளைக் குறித்து வைத்துக்கொண்டால், சுருக்கினாலும் அவை தப்பும். யாராவது வரைந்து மாற்றினால் உடையும். இவர்களுடைய முறையில் தோராயமான மீட்பும் உண்டு.

வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களுக்கு இதுதானே சரி என்று தோன்றும். பாதி சரி. சுருக்கம் மட்டும் நடந்தால் தாங்கும். படத்தின் நீள அகலம் குறைக்கப்பட்டால் கட்டங்களின் எல்லைகளே நகர்ந்துவிடும், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? அனுப்புவதற்கு முன்பே நாமே படத்தைச் சின்னதாக்கி, அதில் முத்திரையிட்டு அனுப்பினால் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

நரம்பு வலை (ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு) முறைகளில் சில இந்த நகர்வுகளையும் தாங்கப் பழக்கப்பட்டவை. 2024-இல் வந்த எடிட்கார்ட் (EditGuard) போன்றவை செயற்கை நுண்ணறிவால் செய்த திருத்தங்களையும் இடம் சுட்டிக் காட்டுகின்றன. இன்னும் சில, அழித்ததை மீட்கவும் செய்கின்றன, அதுவும் பளிச்சென்று. அந்தப் பளிச்சுதான் எனக்குப் பயம். மங்கலாக வரும் பழைய மீட்பில், வந்தது எல்லாம் படத்துக்குள் ஒளித்து வைத்திருந்ததுதான் என்று அடித்துச் சொல்லலாம். நரம்பு வலை தரும் கூர்மையில் எவ்வளவு ஒளித்து வைத்திருந்தது, எவ்வளவு அது பழக்கத்தில் யூகித்தது என்று பிரிக்க முடியவில்லை. சாட்சிக்கு வரும் படத்தில் யூகம் கலக்கக் கூடாது. குடும்பப் படத்தை மீட்க வேண்டுமானால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பத்திரங்களை ஸ்கேன் செய்து கொடுப்பவருக்கு, ஆச்சரியமாக, மீட்கும் வாட்டர்மார்க் நன்றாகவே பொருந்துகிறது. 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 12 பிக்சல். 3 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து 35 பிக்சல், அதாவது நான்கு கட்டத்துக்கு மேல். கட்டத்துக்கு 64 பிட் இருந்தால் அந்த எழுத்தைப் படிக்கும் அளவுக்கு மீட்கலாம். 1 சென்ட்டை 7 சென்ட் ஆக்கியிருந்தால், அங்கே இருந்தது 1 என்று தெளிவாகவே தெரியும். வாங்கியவர் அதைப் பல வருஷம் கழித்து, ஸ்கேன் செய்த கடையே இல்லாத காலத்தில் எடுத்துக் காட்டுவார் என்பதால் மூலம் கைக்கெட்டாது என்ற நிபந்தனையும் நிறைவேறுகிறது. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தூய கறுப்பு வெள்ளையாக, பிக்சலுக்கு ஒரு பிட் என்று ஸ்கேன் செய்தால் ஒளிக்கக் கடைசி பிட் என்று ஒன்று இருக்காது, சாம்பல் நிறமாகவோ வண்ணமாகவோ எடுக்க வேண்டும். பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் சேமிக்க வேண்டும், ஜேபெக் கூடாது.

விபத்து வண்டி எடுக்கும் சர்வேயருக்கு, எடுத்த உடனே போனிலேயே ஹேஷ் எடுத்து நேரடியாக அலுவலகத்துக்கு ஏற்றும் செயலி இருந்தால் அதுவே போதும். அப்படி இல்லாமல் வாட்ஸ்அப் வழியாகத்தான் வேலை நடக்கிறதென்றால் நடுத்தர வகை. ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன்: வாட்டர்மார்க் போட்டாலே பிக்சல் மாறிவிடும், எனவே ஹேஷும் மாறிவிடும். வழக்குக்குப் போகக்கூடிய படம் என்றால், முத்திரையிடும் முன்பே மூலத்தின் ஹேஷை எடுத்து, மூலத்தைத் தனியே வைத்துவிட வேண்டும்.

அண்ணனிடம் வாட்டர்மார்க் வேண்டாம் என்றேன். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்திலேயே டிஜிட்டல் கையொப்பத்துக்கு இடம் இருக்கிறது, அதைப் போடலாம். நோயாளிக்குக் கொடுக்கும் ரிப்போர்ட்டில் ஒரு கியூஆர் குறி, அதைப் போனில் ஸ்கேன் செய்தால் சென்டரில் இருக்கும் மூலப் படம். யாரிடம் எந்த நகல் இருந்தாலும், பக்கத்தில் மூலத்தை வைத்துப் பார்த்துவிடலாம். அவருக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஏதோ பெரிய வித்தையை எதிர்பார்த்திருந்தார். விரிசல் விஷயத்தை விளக்கியதும் சரி என்றார். அடுத்து, மூலத்தை எத்தனை வருஷம் வைக்க முடியும் என்று கேட்டார். அவருடைய எக்ஸ்ரே ஒன்று சுமார் 10 எம்பி, ஒரு நாளைக்கு ஐம்பது, வருஷத்தில் 300 நாள். 150 ஜிபி வருகிறது. 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நிற்கும். டிஸ்க் அவ்வளவு வருஷம் உழைக்காது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு டிஸ்க் வாங்கியிருக்கிறார். ஒன்று சென்டரில், இன்னொன்று அவர் அக்கா வீட்டு அலமாரியில்.